காட்டுத்தீக்குப் பின் அணையில் எதைப் பார்ப்பது: அணை பாதுகாப்புச் சட்டமும் நடைமுறையும்

அணை பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள எல்லா அணைகளும் இதற்குள் வரும். 10 முதல் 15 மீட்டர் வரை உயரம் என்றால், கரை நீளம் குறைந்தது 500 மீட்டர், கொள்ளளவு குறைந்தது 10 லட்சம் கன மீட்டர் போன்ற நிபந்தனைகளில் ஏதேனும் ஒன்று பொருந்த வேண்டும்.

பருவமழைக்கு முன்னும் பின்னும் அணையை ஆய்வு செய்வது உரிமையாளரின் கடமை. தமிழ்நாட்டில் உரிமையாளர் என்பது பெரும்பாலும் நீர்வளத்துறை. நீலகிரி போன்ற இடங்களின் நீர்மின் அணைகளுக்கு மின்வாரியம். வெள்ளம், நிலநடுக்கம், மற்ற இயற்கைப் பேரிடர், மனிதரால் நேரும் பேரிடர் ஆகியவற்றுக்குப் பிறகும் ஆய்வு உண்டு. சட்டத்தின் இந்த வாசகத்தில் காட்டுத்தீயின் பெயர் இல்லை. ஆனாலும் நீர்ப்பிடிப்புப் பகுதி பெரிய அளவில் எரிந்திருந்தால் அதை இந்த வாசகத்துக்குள் கொண்டுவரத் தடையேதும் இல்லை. முதல் இடர் மதிப்பீட்டையும் அவசரகாலச் செயல்திட்டத்தையும் முடிக்கச் சட்டம் தந்த அவகாசம் ஐந்தாண்டு, அதாவது 2026 டிசம்பர் வரை. தீயை அந்த மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுவது நல்லது.

கான்கிரீட்டையும் கல்கட்டையும் தீ பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆபத்து அடுத்த மழையில் வருகிறது. அமெரிக்காவின் கொலராடோவில் 1996 மே மாதம் பஃபலோ கிரீக் காடு எரிந்தது. ஜூலையிலேயே பெருவெள்ளம் மண்ணையும் மரங்களையும் அடித்துக்கொண்டு வந்தது. 2002-இல் அதே மாநிலத்தில் ஹேமன் காட்டுத்தீ. இந்த இரண்டுக்கும் பிறகு வண்டல் அகற்றவும் நீரைச் சீராக்கவும் டென்வர் குடிநீர் நிறுவனம் 2.7 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. நம் மலைகளில் தீக்காலம் பிப்ரவரி முதல் மே வரை, தென்மேற்குப் பருவமழை ஜூனில். இடைவெளி சில வாரங்கள்தான்.

முதல் வேலை, எங்கே எரிந்தது என்று அறிவது. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்தால் செயற்கைக்கோள் தீ எச்சரிக்கை கைப்பேசிக்கே வரும். அடுத்தது, எவ்வளவு கடுமையாக எரிந்தது என்பது. ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படங்கள் இலவசம். தீக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களின் எரிவுக் குறியீட்டை (NBR, எரிந்த இடத்தைக் காட்டும் எண்) கழித்தால் வரும் வித்தியாசம் 0.27-க்கு மேல் என்றால் மிதம், 0.66-க்கு மேல் என்றால் கடுமை என்பது பொதுவான அளவு. இங்கே பலர் சறுக்குவது ஒப்பிடும் படத்தில். இலையுதிர் காட்டில் டிசம்பர் படத்தையும் மார்ச் படத்தையும் ஒப்பிட்டால், இலை உதிர்ந்ததுகூட எரிந்ததுபோலத் தெரியும். முந்தைய ஆண்டின் அதே மாதப் படத்தை எடுக்க வேண்டும்.

வரைபடத்தை மட்டும் நம்பாமல் மண்ணையும் பார்க்க வேண்டும். சாம்பலை ஒதுக்கிவிட்டு மண்மீது சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். 40 வினாடிக்கு மேலும் உறிஞ்சாமல் நின்றால் அந்த மண் நீரை வலுவாக விலக்குகிறது. மழை இறங்காமல் மேலேயே ஓடும். மேல்மண்ணில் உறிஞ்சினாலும், ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சுரண்டி மறுபடி பாருங்கள். நம் காடுகளில் பெரும்பாலும் புல்லும் சருகும் மட்டும் எரியும் தரைத்தீதான், அதற்காகப் பதற வேண்டியதில்லை. உண்ணிச்செடி அடர்ந்த சரிவு, சீகை (வாட்டில் மரம்), யூகலிப்டஸ் தோட்டம் எரிந்திருந்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்.

அணையில் கவனிக்க வேண்டியவை வேறு. மிதந்து வரும் கட்டைகள் உபரிநீர்ப் போக்கியின் ஷட்டர்களில் சிக்கினால் கணக்கிட்ட நீர் வெளியேறாது. அணை மட்டம் ஏறும். நீர் எடுக்கும் வாயிலின் கம்பித்தடுப்பையும் முதல் மழைக்கு முன்பே சுத்தம் செய்ய வேண்டும். சிறிய தடுப்பணைகளும் நீர்மின் நிலையத்துக்கு முன்னுள்ள சிறு தேக்கங்களும்தான் சீக்கிரம் வண்டலால் நிரம்பும். மண் அணை என்றால் கீழ்ச்சரிவைக் காலால் நடந்தே பாருங்கள்: வேர் எரிந்த இடத்தில் பொந்து விழுந்திருக்கும், கசிவுநீர் வடிகாலின் பிளாஸ்டிக் குழாய் உருகியிருக்கும், கருவிகளின் கேபிள் அறுந்திருக்கும். புதர் எரிந்துபோனதால் எலி வளை, முள்ளம்பன்றி வளை கண்ணுக்குத் தெரிவது ஒரு வகையில் நல்லதே. ஷட்டருக்கான மின்கம்பி எரிந்திருந்தால் டீசல் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்து ஆய்வுக் குறிப்பில் எழுதுங்கள். எரிந்த சரிவிலிருந்து வெள்ளம் வழக்கத்தைவிட முன்னதாக வந்து சேரும் என்பதால், முதல் ஆண்டு நீர்மட்டத்தைச் சற்றுக் குறைத்து வைப்பது நல்லது. பாசனத்துக்குத் தண்ணீர் கேட்பவர்கள் இதை விரும்ப மாட்டார்கள், அதனால் முடிவை முன்கூட்டியே எழுத்தில் வையுங்கள்.

சிக்கல் எங்கே என்றால், எரிந்த சரிவு வனத்துறையிடம், அணை இன்னொரு துறையிடம். சரிவில் குறுக்குக்கட்டைகள் போடவும் ஓடைகளில் கல் தடுப்பு கட்டவும் அணைப் பொறியாளருக்கு அதிகாரம் கிடையாது. மே மாத இறுதிக்குள் இரு துறைகளும் சேர்ந்து களஆய்வு செய்து, எதை யார் செய்வது என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

அணைக்குக் கீழே குடியிருப்பவர்கள், பருவமழைக்கு முந்தைய ஆய்வு எந்தத் தேதியில் நடந்தது, தீ எரிந்த பகுதி அதில் சேர்ந்ததா, அவசரகாலச் செயல்திட்டம் தயாரா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சில பக்கங்களை மறுக்கலாம் என்பதால் முழு அறிக்கையையும் கேட்பதைவிட இந்த மூன்று கேள்விகளையும் தனித்தனியாகக் கேளுங்கள்.