தமனியிடை முன்சிறுகுடல் இடுக்கம்: 'எஸ்.எம்.ஏ. சின்ட்ரோம்' சொல் விளக்கம்

ஸ்கேன் அறிக்கையில் 'எஸ்.எம்.ஏ. சின்ட்ரோம்' என்று ஒரு வரி இருந்தால் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். குழந்தைக்கு 16 கோடி ரூபாய் ஊசி வேண்டும் என்று செய்தித்தாள்களில் வந்த எஸ்.எம்.ஏ. வேறு. அது தண்டுவடத் தசைச் சிதைவு, மரபணு நோய். இங்கே பேசுவது வயிற்றுக்குள் குடலின் ஒரு துண்டு இரண்டு தமனிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வதைப் பற்றி. சுருக்கெழுத்து ஒன்றாக இருப்பதால், கோவையில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் திரும்புகிறவர்கள் பஸ்ஸிலேயே கைப்பேசியில் தேடிப் பார்த்துக் கலங்கிப்போகிறார்கள். எழுத்துகளைப் பார்க்காமல், பெயரைப் படித்தாலே விஷயம் புரிகிற மாதிரி ஒரு தமிழ்ச்சொல் இதற்கு வேண்டும்.

முழுப் பெயர் 'சுப்பீரியர் மெசென்டெரிக் ஆர்ட்டரி சின்ட்ரோம்'. இதில் அவதிப்படும் குடலின் பெயரே இல்லை. அதை நெரிக்கும் தமனியின் பெயர்தான் இருக்கிறது. நெரிபடுவது டியோடினம், அதாவது இரைப்பையை விட்டு வெளியே வந்ததும் தொடங்கும் சிறுகுடலின் முதல் பகுதி. கி.மு. 300 வாக்கில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் ஹீரோஃபிலஸ் இதைப் 'பன்னிரு விரல்' என்று பொருள்படும்படி கிரேக்கத்தில் 'டோடெகடாக்டிலோன்' என்றார். அது லத்தீனுக்குப் போனபோது விரல் உதிர்ந்து, பன்னிரண்டு மட்டும் நின்று 'டியோடினம்' ஆனது. அவர் சொன்னது விரலின் நீளத்தை இல்லை, அகலத்தை. நம் கணக்கில் விரற்கடை. பன்னிரண்டு விரற்கடை ஒரு சாண் என்பது பழைய தமிழ் அளவை. டியோடினத்தின் நீளம் சுமார் 25 செ.மீ. நல்ல கைக்கு ஒரு சாணும் ஏறக்குறைய அவ்வளவுதான். பன்னிருவிரற்குடல் என்று பெயர்த்தாலும் தவறில்லை. ஆனால் நம் பாடநூல்களில் முன்சிறுகுடல், இடைச்சிறுகுடல், பின்சிறுகுடல் என்ற வரிசை நிலைபெற்றுவிட்டது. அது உறுப்பின் இடத்தையும் சொல்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம்.

அடுத்து 'ஆர்ட்டரி'. நீலகிரியில் இந்தச் சொல்லுக்குத் தனிக் கவனம் தேவை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் ஏராளம். இலங்கைப் பாடநூல் தமிழில் ஆர்ட்டரிக்கு நாடி, வெயினுக்கு நாளம், அயோர்ட்டாவுக்குப் பெருநாடி. தமிழ்நாட்டுப் பாடநூலில் தமனி, சிரை, பெருந்தமனி. இங்கே 'நாடி' என்றால் கை பிடித்துப் பார்க்கும் துடிப்பு. 'நாளம்' என்றால் பள்ளியில் படித்தவருக்கு 'நாளமில்லாச் சுரப்பி' நினைவுக்கு வரும், அதாவது சுரப்பியின் குழாய். கொழும்பிலோ கண்டியிலோ உள்ள உறவினர் அனுப்பும் குறிப்பில் 'பெருநாடி' என்று இருந்தால் அது நம் பெருந்தமனிதான். ஒரே அறிக்கையில் இரண்டு வழக்கும் கலந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

'மெசென்டெரி' என்பது கிரேக்கத்தில் நடு, குடல் என்ற இரு சொற்களின் சேர்க்கை. சிறுகுடல் சுருள்களை முதுகுப்புறச் சுவரோடு பிடித்துவைத்திருக்கும் மடிப்பு அது. குடலுக்குப் போகும் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் அதற்குள்தான் ஓடுகின்றன. குடல்தாங்கி என்ற சொல் அதன் வேலையைச் சொல்வதால் பொருந்துகிறது. 'சுப்பீரியர்' என்பது மேல். இதே பெருந்தமனியிலிருந்து கீழ்க் குடல்தாங்கித் தமனி ஒன்றும் பிரிவதால் வந்த அடைமொழி. புணர்ச்சி இலக்கணப்படி 'மேற்குடல்தாங்கித் தமனி' என்று சேர்த்து எழுதினால் 'மேற்குடலைத் தாங்குவது' என்று படிக்க இடம் உண்டு. உண்மையில் இந்தத் தமனி சிறுகுடலின் பெரும்பகுதிக்கும், பெருங்குடலின் முதல் பாதிக்கு மேலும் இரத்தம் தருகிறது. ஆகவே 'மேல் குடல்தாங்கித் தமனி' என்று இடைவெளி விட்டு எழுதுவதே நல்லது.

இனி நெரிபடுதலுக்கு என்ன சொல்? பலரும் முதலில் எழுதுவது 'அழுத்தம்'. 'தமனி அழுத்த நோய்' என்று எழுதிவிட்டால் படிப்பவர் பி.பி. மாத்திரையைத் தேடுவார். இரத்த அழுத்தம் என்ற சொல் அவ்வளவு வேரூன்றிவிட்டது. 'அடைப்பு' என்றால் மாரடைப்புப் போலத் தமனிக்குள் ஏதோ அடைத்திருப்பதாகத் தோன்றும். இந்த நோயில் தமனி திறந்துதான் இருக்கிறது, இரத்தம் ஓடுகிறது. இடுக்கில் மாட்டிக்கொள்வது என்ற பொருளில் 'இடுக்கம்' சரியாக அமைகிறது. எனவே எங்கள் பரிந்துரை: தமனியிடை முன்சிறுகுடல் இடுக்கம். 'சின்ட்ரோம்' என்பதற்கு நோய்த்தொகை என்ற சொல் இருக்கிறது. வேண்டுமானால் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம், இல்லாவிட்டாலும் பொருள் கெடாது.

இந்த இடுக்கு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். பெருந்தமனி முதுகெலும்பை ஒட்டி நேராகக் கீழே இறங்குகிறது. முதல் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் அதன் முன்பக்கத்திலிருந்து மேல் குடல்தாங்கித் தமனி பிரிந்து, சாய்வாக முன்னும் கீழுமாகப் போகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோணம் விழுகிறது. சாதாரணமாக அது 38 முதல் 65 டிகிரி. அந்தக் கோணத்துக்குள், மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில், முன்சிறுகுடலின் மூன்றாம் பகுதி வலமிருந்து இடமாகக் குறுக்கே போகிறது. அந்த இடத்தில் இரு தமனிகளுக்கும் இடைவெளி 10 முதல் 28 மி.மீ. இந்த இடைவெளியைத் திறந்து வைத்திருப்பது குடல்தாங்கியிலுள்ள கொழுப்பும் நிணநீர்த் திசுவும்தான். உடல் வேகமாக வற்றும்போது அந்தக் கொழுப்பும் கரைகிறது. தமனி பின்னால் சாய்கிறது. கோணம் 25 டிகிரிக்குக் கீழும் இடைவெளி 8 மி.மீ.க்குக் கீழும் போகிறது. குடல் நெரிகிறது. சாப்பிட்டது வெளியே வருகிறது, எடை இன்னும் குறைகிறது, கொழுப்பு இன்னும் கரைகிறது. இந்தச் சுழலை எங்கே அறுப்பது என்பதுதான் சிகிச்சையின் முழுக் கேள்வி.

19ஆம் நூற்றாண்டில் வியன்னாவின் நோய்க்கூறியல் மருத்துவர் ரோக்கிடான்ஸ்கி இதை விவரித்தார். எடின்பரோ அறுவை மருத்துவர் டேவிட் வில்கி 1927இல் 75 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டதால் 'வில்கி சின்ட்ரோம்' என்ற பெயரும் உண்டு. உடம்பு முழுக்க மாவுக்கட்டுப் போட்டு மல்லாந்து படுக்கவைத்தவர்களுக்கு வந்ததால் 'காஸ்ட் சின்ட்ரோம்' என்றும் சொன்னார்கள். மூன்றும் ஒன்றே. காரணங்களில் முதலிடம் வேகமான எடையிழப்புக்கு: காசநோய், புற்றுநோய், தீக்காயம், உணவு மறுக்கும் மனநோய், பெரிய விபத்துக்குப் பின் நீண்ட படுக்கை. கூன் முதுகை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை முதுகெலும்பின் நீளத்தைக் கூட்டிக் கோணத்தைச் சுருக்கிவிடும். குறுகிய காலத்தில் நெடுநெடுவென வளர்ந்த ஒல்லியான பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் வரலாம். சிலருக்கு முன்சிறுகுடலின் கடைசி வளைவை மேலே இழுத்துப் பிடிக்கும் 'டிரைட்ஸ்' இணைநார் பிறவியிலேயே குட்டையாக இருக்கும். குடல் கோணத்தின் உச்சிக்குப் போய் மாட்டிக்கொள்ளும். மலைக்குளிரும் உயரமும் இந்தக் காரணங்களில் சேராது.

அறிகுறிகள்: கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைவது, மேல்வயிற்று வலி, ஏப்பம், பிறகு பச்சையோ மஞ்சளோ கலந்த வாந்தி. நெரிபடும் இடம் பித்தக்குழாய் திறக்கும் இடத்துக்குக் கீழே இருப்பதால்தான் வாந்தியில் பித்தம் வருகிறது. மல்லாந்து படுத்தால் மோசமாகும். இடப்பக்கம் ஒருக்களித்தோ, குப்புறவோ, முழங்கால்களை நெஞ்சோடு சேர்த்தோ படுத்தால் தணியும். இந்த வேறுபாட்டைக் கவனித்து மருத்துவரிடம் சொல்வது பாதி நோயறிதல். ஊரில் இது பெரும்பாலும் 'கேஸ்', 'அல்சர்', 'பித்தம்' என்ற பெயர்களில் மாதக்கணக்கில் ஓடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் யாருக்கும்தான் வாந்தி வரும் என்று அதன் தலையிலும் போடுவார்கள். மலைப்பாதை வாந்தி இறங்கி நின்றால் அடங்கும், எடையைக் குறைக்காது. பிள்ளைகள் என்றால் 'குடலேற்றம்' என்று எண்ணெய் தடவிக் குடல் தட்டச் சொல்வதும் உண்டு. வற்றிய வயிற்றை அமுக்கித் தட்டுவதால் தமனிக் கோணம் விரியாது. உள்ளே உப்பியிருக்கும் இரைப்பையிலிருந்து வாந்தி கிளம்பி மூச்சுக்குழாய்க்குள் போகும் அபாயம்தான் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள்.

உறுதிப்படுத்த எண்டோஸ்கோப்பி மட்டும் போதாது. அது புண்ணோ கட்டியோ இல்லை என்று காட்டும். வெளியிலிருந்து வரும் நெருக்கலைத் தவறவிடும். பேரியம் குடித்து எடுக்கும் படத்தில் முன்சிறுகுடலின் மூன்றாம் பகுதியில் கோடு கிழித்த மாதிரி நேராக நிற்கும் வெட்டு, அதற்கு முன்னால் உப்பிய குடல், மருந்து முன்னும் பின்னும் அலைவது, இரைப்பையும் முன்சிறுகுடலும் காலியாக 4 முதல் 6 மணி நேரம் தாமதமாவது ஆகியவை தெரியும். குப்புறப் படுக்கவைத்ததும் மருந்து கடந்து போனால் சந்தேகம் வலுக்கும். சி.டி. ஆஞ்சியோகிராம் பக்கவாட்டுப் படத்தில் கோணமும் இடைவெளியும் அளக்கப்படும். இரண்டு எண்களும் அறிக்கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். ஒல்லியான பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே கோணம் குறைவாக இருக்கும். எண் மட்டும் நோயாகாது; எண், அறிகுறி, உப்பிய குடல் மூன்றும் சேர வேண்டும்.

சிகிச்சை பெரும்பாலும் கத்தி இல்லாமலே தொடங்கும். மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டு இரைப்பையைக் காலி செய்வது முதல் வேலை. மலையிலிருந்து கோவைக்கு அனுப்புவதானால் இதை இங்கேயே செய்து, டியூபைத் திறந்த பையில் விட்டு, தலையை உயர்த்தி அனுப்ப வேண்டும். நிறைந்த வயிற்றோடு வளைவுகளில் இறங்குவது ஆபத்து. தொடர் வாந்தியால் குறைந்த பொட்டாசியத்தைச் சரிசெய்வது அடுத்து. பிறகு உணவு செலுத்தும் மெல்லிய டியூப் ஒன்றை எண்டோஸ்கோப்பி உதவியுடன் இடுக்கைத் தாண்டி இடைச்சிறுகுடலில் நிறுத்துவார்கள். அதன் வழியாக உணவு சொட்டுச் சொட்டாகத்தான் போக வேண்டும். ஊசியில் எடுத்து ஒரேயடியாகத் தள்ளினால் வயிற்றுப்போக்கும் மயக்கமும் வரும். இரைப்பை மாதிரி இடைச்சிறுகுடல் உணவைச் சேமித்து வைக்காது. வீட்டுக் கஞ்சியைக் குழாயில் விட்டால் மாவு உறைந்து அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை உணவு முடிந்ததும் 20–30 மி.லி. வெதுவெதுப்பான நீர் செலுத்தாமல் விடக் கூடாது.

இங்கே அன்பினால் நடக்கும் தவறு ஒன்று. மெலிந்துபோன பிள்ளைக்கு முதல் நாளே நிறைய ஊட்டிவிட நினைப்பார்கள். வாரக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென மாவுச்சத்து ஏறினால் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயத் துடிப்பே குழம்பலாம். அதனால் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 10 கலோரிக்கு மிகாமல் ஆரம்பித்து, 35 கிலோ ஆளுக்கு 350 கலோரி, இரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டே 4 முதல் 7 நாட்களில் ஏற்றுவார்கள். உணவு தொடங்கும் முன்பே தயமின் (வைட்டமின் பி1) கொடுக்கப்படும். வாயால் சாப்பிடத் தொடங்கும்போது நீர்க்கஞ்சி, தெளிவான ராகிக் கூழ், பால், மோர் என நாளுக்கு 6 முதல் 8 வேளை, சிறு அளவில். களி, பச்சைக் கேரட், நார் மிகுந்த கீரைத்தண்டு பிறகு. சாப்பிட்டதும் அரை மணி நேரம் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது உதவும்.

பல வாரம் முயன்றும் எடை ஏறாவிட்டால் அறுவை சிகிச்சை. உப்பிய முன்சிறுகுடலை இடைச்சிறுகுடலோடு நேரடியாக இணைத்துப் புறவழி அமைப்பதே இன்று பெரிதும் விரும்பப்படுவது, சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியிலேயே செய்கிறார்கள். இரைப்பையை இணைக்கும் பழைய முறையில் முன்சிறுகுடல் வடியாமல் தேங்கி, பித்தம் இரைப்பைக்குத் திரும்பும். டிரைட்ஸ் இணைநாரை வெட்டிக் குடலைக் கீழே இறக்கும் 'ஸ்ட்ராங்' என்பவரின் முறையில் குடலைத் திறக்கத் தேவையில்லை. ஆனால் நான்கில் ஒருவருக்குப் பலிக்காமல் போகலாம்.

இதே கோணத்தில், குடலுக்குச் சற்று மேலே, இடச் சிறுநீரகச் சிரையும் குறுக்கே போகிறது. அது நெரிபட்டால் 'நட்கிராக்கர் சின்ட்ரோம்': சிறுநீரில் இரத்தம், இடுப்பின் இடப்பக்க வலி, ஆண்களுக்கு இடது விரைச்சிரை வீக்கம். நட்கிராக்கர் நம் வீடுகளில் கிடையாது, பாக்குவெட்டி உண்டு. ஒரு முனையில் ஆணி, இரண்டு கை. ஆணி இருக்கும் இடத்தில்தான் தமனி பிரிகிறது. பேச்சில் 'பாக்குவெட்டி இடுக்கு' என்று சொல்லலாம். எழுத்தில் 'தமனியிடைச் சிறுநீரகச் சிரை இடுக்கம்'. உதரவிதானத்தின் நார்வளைவு, இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் இரத்தம் தரும் சீலியாக் தமனியை நெரிப்பது வேறொன்று. அங்கே நெரிபடுவதே தமனி. சாப்பிட்ட பின் வலி, எடையிழப்பு இரண்டும் அதிலும் உண்டு. மூச்சை வெளியே விடும்போது நெரிசல் கூடும் என்பதால் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனை மூச்சை விட்டும் இழுத்தும் எடுப்பார்கள்.

கடைசியாக, 'அடைப்பு' என்ற சொல் உண்மையிலேயே பொருந்தும் நோய். இதயத் துடிப்பு ஒழுங்கற்ற முதியவருக்கு இரத்தக் கட்டி ஒன்று வந்து மேல் குடல்தாங்கித் தமனிக்குள் அடைத்தால் திடீரெனத் தாங்க முடியாத வலி வரும். ஆனால் தொட்டுப் பார்த்தால் வயிறு மெத்தென்றே இருக்கும். சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கிவிடும். இதற்குக் காலைவரை காத்திருக்க முடியாது, உடனே 108ஐ அழைக்க வேண்டும். கூடலூர்ப் பக்கத்தவர் மைசூருக்குப் போவதானால், பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருந்தாலும் ஆம்புலன்ஸுக்கு விலக்கு உண்டு.