அஞ்சு வருஷம் முடிந்த பிறகும்

"டாக்டர், அஞ்சு வருஷம் முடிஞ்சிருச்சு. இனிமே வர வேண்டாமில்ல?" ஸ்வீட் டப்பாவோடு வந்திருந்தார் அந்த அம்மா. மேல் அண்ணத்தில் வந்த அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவுக்கு ஆபரேஷனும் ரேடியேஷனும் முடித்தவர். ஸ்வீட்டை வாங்கிக்கொண்டு அடுத்த செக்கப் தேதியை எழுதிக் கொடுத்தேன். முகம் வாடிவிட்டது.

உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வரும் அரிய புற்றுநோய் இது. புகையிலையைத் தொடாதவர்களுக்கும் வரும். காதுக்கு முன்னால், தாடைக்குக் கீழே, அண்ணத்தில், சைனஸில் என்று இந்தச் சுரப்பிகள் இருக்கும் எந்த இடத்திலும் வரலாம். மெதுவாக வளரும். ஆனால் நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்துபோகும். அந்த அம்மாவுக்கு வலியே இல்லை. பல்செட் பொருந்தவில்லை, கன்னம் லேசாக மரத்திருக்கிறது, அவ்வளவுதான். செட்டை அராவி அராவிப் போட்டுப் பார்த்ததிலேயே ஏழெட்டு மாதம் போயிருந்தது.

பயாப்ஸி ரிப்போர்ட் வந்தால் 'புற்றுநோய்' என்ற சொல்லோடு நின்றுவிடுகிறோம். எனக்கு அதற்குக் கீழே உள்ள வரிகள்தான் முக்கியம். கட்டியின் செல்கள் இருப்பது சல்லடைக் கண் போன்ற அமைப்பா, திடமாக அடைந்த அமைப்பா? திடமான பகுதி 30 சதவீதத்தைத் தாண்டினால் வேகம் கூடிய வகை. வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சமிருக்கிறதா? பெரிய நரம்புக்குள் ஏறிவிட்டதா? அப்புறம் இடம். சைனஸிலோ மண்டையோட்டின் அடிப்பகுதியிலோ இருந்தால் ஓரம் சுத்தமாக எடுப்பதே கஷ்டம். அண்ணத்தில் சின்னதாக இருக்கும்போதே பிடிபட்டவருக்கு நன்றாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆபரேஷனுக்குப் பிறகு ரேடியேஷன் கொடுத்தால் அதே இடத்தில் திரும்பி வருவது குறைகிறது. கீமோவுக்கு இதில் பெரிய வேலை இல்லை.

சிக்கல் என்னவென்றால், 5 வருடக் கணக்கில் பெரும்பாலோர் நன்றாகவே இருப்பார்கள். 10, 15 வருடம் என்று போகப் போகத்தான் எண்ணிக்கை இறங்கும். கழுத்தில் நெறி கட்டாமல், ரத்தம் வழியாக நேரே நுரையீரலுக்குப் போகும் வழக்கம் இதற்கு உண்டு. அதனால்தான் அந்தத் தேதி.

ஒன்பதாம் வருடம் அவர் நுரையீரலில் மூன்று சின்னப் புள்ளிகள் தெரிந்தன. உடனே மருந்து கேட்டு மகன் சண்டை போட்டார். மெதுவாக வளரும் புள்ளிகளோடு வருடக்கணக்கில் நன்றாக இருப்பவர்கள் உண்டு, இப்போதைக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று புரியவைக்க ஒரு மணி நேரம் ஆனது. கடைசி சி.டி.யில் ஒரு புள்ளி மட்டும் 2 மி.மீ. கூடியிருந்தது. அடுத்த ஸ்கேன் ஆறு மாதம் கழித்து.