பெல் ஹவுசிங்குக்கு அடியில் ஒரு சொட்டு: பழைய எம்.ஜி.பி. வாங்கும் முன்

"பிரிட்டிஷ் வண்டின்னா ஒழுகத்தான் செய்யும்" என்று, எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை விற்பவர் சிரித்துக்கொண்டே சொல்வார். வாங்க வந்தவரும் கூடச் சிரிப்பார். பேரம் அந்த இடத்திலேயே பாதி தோற்றுவிடுகிறது. ஒழுகுவது எல்லாம் ஒன்றல்ல. சில ஒழுகல்களைச் சனிக்கிழமை மத்தியானத்தில் சரிசெய்துவிடலாம். சிலவற்றுக்கு என்ஜினையே வெளியே எடுக்க வேண்டும்.

1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி.யில் கியர்பாக்ஸை மட்டும் கீழ்வழியாக இறக்க முடியாது. கிளட்சை மாற்றவோ, என்ஜினின் பின்பக்க ஆயில் சீலை (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) மாற்றவோ என்ஜின் மேலே வந்தாக வேண்டும். சீலின் விலை சில பவுண்டுதான், கூலிதான் ஆளை அடிக்கும்.

என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அது அடைபடாமல் இருக்க ஒரு ஸ்ப்ளிட் பின் (இரண்டாகப் பிளந்த கம்பி ஆணி) அதில் ஆடிக்கொண்டிருக்கும். அந்தப் பின்னின் நுனியில் சொட்டு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், அது முன்னால் உள்ள என்ஜினிலிருந்து வந்ததா, பின்னால் உள்ள கியர்பாக்ஸிலிருந்து வந்ததா என்பதுதான் கேள்வி.

மற்ற வண்டிகளில் முகர்ந்து பார்த்தே சொல்லிவிடலாம். கியர் ஆயிலில் கந்தக வாடை தூக்கும். இங்கே அது உதவாது. எம்.ஜி.பி.யின் கையேட்டுப் புத்தகம், கியர்பாக்ஸுக்கும் என்ஜின் ஆயிலையே, அதாவது 20W-50 வகையையே சொல்கிறது. அதனால் நிறத்தைப் பாருங்கள். என்ஜின் ஆயில் சீக்கிரம் கறுத்துவிடும். கியர்பாக்ஸ் ஆயிலில் புகைக்கரி கலப்பதில்லை என்பதால் தேன் நிறத்திலோ லேசான சாம்பல் நிறத்திலோ இருக்கும். வெள்ளைத் துணியில் தொட்டு, என்ஜின், கியர்பாக்ஸ் இரண்டின் டிப்ஸ்டிக்குகளோடும் (ஆயில் மட்டம் பார்க்கும் குச்சிகள்) ஒப்பிடுங்கள். ஆரம்ப மாடல்களில் கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக் கார்பெட்டுக்கு அடியில், ரப்பர் மூடியின் கீழே இருக்கும். பிந்தைய மாடல்களில் குச்சி கிடையாது, கியர்பாக்ஸின் பக்கவாட்டில் போல்ட் மட்டும்தான், அதைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். அந்தச் சொட்டில் கந்தக வாடை வந்தால் இன்னும் மோசம். தெரியாத யாரோ இ.பி. ஆயில், அதாவது கந்தகம் கலந்த கியர் ஆயில், ஊற்றியிருக்கிறார்கள், அது கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சின்க்ரோ வளையங்களின் பித்தளையை அரிக்கக்கூடியது.

நிறத்தில் சந்தேகமிருந்தால் சரிவான இடத்தில் நிறுத்திப் பார்ப்பேன். மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தினால் என்ஜின் ஆயில் பின் சீலை நோக்கி ஓடும். மூக்கு கீழே இருந்தால் கியர்பாக்ஸ் ஆயில் முன்னால் வரும். எந்த நிலையில் அதிகம் சொட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் குற்றவாளி. வண்டியை அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு, அடியில் அட்டை விரித்துச் செய்யுங்கள். ஆறின வண்டியில் செய்வது வீண்வேலை.

1964 வரை வந்த, கிராங்க் தண்டை மூன்று மெயின் பேரிங்குகள் தாங்கும் என்ஜினில் பின்னால் சீலே கிடையாது. திருகு போன்ற பள்ளம்தான் ஆயிலைத் திருப்பி அனுப்பும். அதில் கொஞ்சம் கசிவதை நான் குறையாகவே எழுதுவதில்லை. பிந்தைய ஐந்து பேரிங் என்ஜினில் சீல் உண்டு. அது ஒழுகினால், என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வழி, அதாவது கிராங்க்கேஸ் வென்டிலேஷன், அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் நல்ல சீலும் ஒழுகும்.

இன்னொன்று, கீழே சொட்டுவது கீழேயே கசிந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. என்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவரின் பேக்கிங்கிலிருந்தும், பக்கவாட்டில் இடப்புறம் உள்ள டேப்பெட் மூடிகளிலிருந்தும் ஆயில் வழிந்து, ஓட்டும்போது காற்றில் பின்னால் தள்ளப்பட்டு பெல் ஹவுசிங்கில் சேரும். எனவே மேலிருந்து கீழே டார்ச் அடித்துப் பார்ப்பதே முறை. அடிப்பாகம் புத்தம்புதிதாக நீராவியில் கழுவி இருந்தால் எனக்குச் சந்தேகம் கூடும். நேர்மையான வண்டியில் அழுக்கின் மேல் ஈரத்தின் தடம் தெரியும்.

ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது என்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) உள்ள வண்டியில் அதன் ஆயிலும் கியர்பாக்ஸ் ஆயிலும் ஒன்றே. நான்காவது கியரில் ஓவர்டிரைவ் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தால் ஆயில் மட்டம் குறைந்திருக்கலாம். பின்பக்க ஸ்பீடோமீட்டர் டிரைவ் சீலோ, அடித்தட்டு கேஸ்கட்டோ ஒழுகினால் பயப்பட வேண்டாம், அவை கைக்கு எட்டும் வேலை. பிரேக் ஆயில் போல நீர்த்தும் பெயின்டைக் கரைத்தும் இருந்தால், ஒழுகுவது கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர். சின்ன செலவு.

பிரிட்டனில் 2018 மே முதல், பெரிதாக மாற்றப்படாத 40 வயது கடந்த வண்டிகளுக்கு எம்.ஓ.டி. சோதனை, அதாவது ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனை, கட்டாயமில்லை. எந்த எம்.ஜி.பி.யும் இன்று அந்த வயதைக் கடந்துவிட்டது. பலவற்றின் அடிப்பாகத்தை யாரும் ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்க மாட்டார்கள். பதிவெண் கொடுத்துப் பழைய சோதனைப் பதிவுகளை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆயில் கசிவு என்று முன்பே எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள்.

கடைசியாக, நான்காவது கியரில் குறைந்த வேகத்தில் இருந்து ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். என்ஜின் கத்தி, வேகம் ஏறாவிட்டால் ஆயில் கிளட்சைத் தொட்டிருக்கலாம், அல்லது கிளட்சே தேய்ந்திருக்கலாம். எதுவானாலும் என்ஜின் வெளியே வரும் வேலைதான். அப்போது கிளட்ச் செட், பின் சீல், கியர்பாக்ஸ் முன் சீல், மூன்றையும் ஒரே கூலியில் மாற்றும் செலவைக் கணக்குப் போட்டு விலையில் கழியுங்கள். விற்பவர் கழிக்க மறுத்தால், வேறு வண்டி பாருங்கள், எம்.ஜி.பி. ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது.