கரண்ட் போனால் ஃபில்டருக்கு மூச்சு முட்டும்

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை. கடலுக்குப் போனவர்களைத் தேடிக்கொண்டிருந்த அந்த நாள்களில் வீட்டு மீன் தொட்டியை யார் நினைத்திருப்பார்கள்? அவ்வளவு பெரிய புயல்கூட வேண்டாம். ஆடிக் காற்றில் ஒரு தென்னை மட்டை கம்பியில் விழுந்தாலே அரை நாள் போய்விடும். அந்த அரை நாளில், மூடிய டப்பா ஃபில்டராக இருந்தால், மீனுக்கு முன்பே ஃபில்டர் திணறத் தொடங்கிவிடும். அது ஏன் என்று புரிந்தால் தொட்டிப் பராமரிப்பில் பாதி தெரிந்த மாதிரி.

முதலில் ஒரு கணக்கு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில், விளிம்பு வரை நிரப்பாமல் விட்டால், சுமார் 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். 28 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் அதிகபட்சம் 7.8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். ஆக, தொட்டி முழுவதற்கும் 390 மில்லிகிராம். இதே அளவு ஆக்சிஜன் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் காற்றில் இருக்கிறது. அவ்வளவுதான் மொத்தக் கையிருப்பு. கோல்டு ஃபிஷ்ஷும் மோலியும் பாசியும் அதை வைத்துத்தான் குடும்பம் நடத்த வேண்டும். தண்ணீர் சூடாக ஆக இந்த இருப்பும் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1, 30 டிகிரியில் 7.5. சூடு ஏறினால் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது, கிடைப்பதோ குறைகிறது. சித்திரை, வைகாசியில் தொட்டிகள் திடீரென்று கெடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கையிருப்பு தீரத் தீர நிரம்புவது மேற்பரப்பு வழியாக. ஏர் பம்பின் குழாய் முனையில் மாட்டும் துளைக் கல்லான ஏர் ஸ்டோனிலிருந்து கிளம்பும் குமிழிதான் தண்ணீருக்குள் ஆக்சிஜனை ஊட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஓரடித் தொட்டியில் ஒரு குமிழி அடியிலிருந்து மேலே வர ஓரிரு நொடி போதும். அதற்குள் அது கொடுப்பது கொஞ்சம்தான். குமிழியின் பெரிய வேலை வேறு: ஆக்சிஜன் குறைந்த அடித் தண்ணீரை மேலே இழுத்து வருவது, மேற்பரப்பை உடைத்துக் கலக்குவது. ஆக்சிஜன் தண்ணீருக்குள் தானாகப் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. அசையாத தண்ணீரில் மேல்மட்டம் நிறைவாகவும் அடிமட்டம் காலியாகவும் கிடக்கலாம். அதனால், ஒரே அளவு தண்ணீர் பிடித்தாலும் ஒல்லியாக உயர்ந்து நிற்கும் தொட்டியைவிட அகலத் தொட்டி நல்லது. மீன் உணவின் எண்ணெய் மேலே படலமாக மினுங்கினால், ஒரு பழைய செய்தித்தாளைத் தண்ணீர்மேல் பரப்பி எடுங்கள். படலம் அதோடு வந்துவிடும்.

சரி, இந்த ஆக்சிஜனை யார் யார் செலவழிக்கிறார்கள்? மீன்கள், விளக்கு அணைந்த பிறகு செடிகள், அடியில் கிடந்து அழுகும் உணவு. அப்புறம், நாம் கணக்கிலேயே சேர்க்காத ஒருவர்: ஃபில்டர்.

ஃபில்டர் என்றால் அழுக்கைப் பிடித்து வைக்கும் பஞ்சு என்றுதான் தோன்றும். அழுக்குப் பிடிப்பது அதன் சின்ன வேலை. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. பஞ்சின் துளைகளிலும் செராமிக் வளையங்களிலும் வழவழவென்று ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 1998இல் வெளியான ஆய்வு ஒன்று, நன்னீர்த் தொட்டிகளில் அந்த இடத்தில் இருப்பது நைட்ரோஸ்பைரா என்று காட்டியது. நைட்ரோஸ்பைராவிலேயே சில வகைகள் இரண்டு வேலையையும் ஒற்றையாளாகச் செய்கின்றன என்று 2015இல் தெரிந்தது. பெயர் எதுவானாலும் இவற்றுக்கெல்லாம் ஆக்சிஜன் வேண்டும், அதுவும் தாராளமாக. அம்மோனியாவில் உள்ள ஒரு மில்லிகிராம் நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க சுமார் 4.6 மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகும்.

ஒரு கிராம் உணவு போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 சதவீதம் புரதம் என்றால் 64 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கும். பாதி மட்டும் அம்மோனியாவாக வந்தால்கூட, அதை மாற்ற ஃபில்டர் 146 மில்லிகிராம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். முழுத் தொட்டியின் இருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! மீன் அதிகம், தீனி அதிகம் என்றால் ஃபில்டரைப் பெரிதாக்குவது மட்டும் போதாது. மேற்பரப்பின் அசைவும் கூட வேண்டும்.

நாகர்கோவில் பக்கம் மீன் கடைகளில் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்: "அண்ணாச்சி, பஞ்சைக் குழாய்த் தண்ணியில வெளுக்கக் கழுவித்தான் போட்டேன். நாலு நாள்ல மீனெல்லாம் போச்சு." "வெளுக்கக் கழுவினதுதான் மக்கா கேடு." கடைக்காரர் சொல்வது அறிவியலும்தான். முக்கடல் அணைத் தண்ணீர் குழாயில் வரும்போது அதில் குளோரின் இருக்கும். கிருமியைக் கொல்லத்தானே அதைப் போடுகிறார்கள். பஞ்சில் இருக்கும் நல்ல பாக்டீரியாவை அது விட்டுவைக்காது. தண்ணீர் மாற்றும் நாளில் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை ஒரு வாளியில் வைத்து, பஞ்சை அதில் இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். பழுப்பு நிறம் மிச்சம் இருக்கட்டும். தேதி வைத்துக் கழுவ வேண்டியதில்லை. தண்ணீர் வரத்து மெலிந்தால் கழுவுங்கள். பஞ்சையும் வளையங்களையும் ஒரே நாளில் கழுவாதீர்கள். புதுத் தொட்டி வைப்பவர்களுக்கு, தயிருக்கு உறை ஊற்றுவதுபோல, பழைய பஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரைக் கொடுங்கள். காசு கொடுத்து வாங்கும் பாக்டீரியா பாட்டிலைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை.

பஞ்சைக் கெடுத்துவிட்டால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஆக்சிஜன் இல்லை என்று நினைத்து ஏர் பம்பைக் கூட்டுவோம். பலன் இருக்காது, ஏனென்றால் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கலாம். இரத்தம் அதை ஏற்காமல் இருக்கும். மாற்றப்படாமல் தங்கிய நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போய், இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அதைச் சுமக்க முடியாத வடிவமாக மாற்றிவிடுகிறது. செவுள் பழுப்பாகத் தெரியும். குளோரின் நீக்கிய தண்ணீரால் கால்வாசி, அரைவாசி மாற்றுவது முதல் மருந்து. 50 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கல்லுப்பு, புத்தளம் உப்பளத்து உப்பானாலும் சரி, கரைத்து ஊற்றினால் அதிலுள்ள குளோரைடு நைட்ரைட்டோடு போட்டி போட்டு அது செவுளில் நுழைவதைக் குறைக்கும்.

இனி கரண்ட் போன கதைக்கு வருவோம். தொட்டிக்குள்ளேயே நிற்கும் பஞ்சு ஃபில்டருக்குச் சுற்றியுள்ள தண்ணீரிலிருந்து கொஞ்சமாவது ஆக்சிஜன் கிடைக்கும். கேனிஸ்டர் எனப்படும் மூடிய டப்பா ஃபில்டருக்கு அந்த வழியும் இல்லை. உள்ளே அடைபட்ட சில லிட்டர் தண்ணீரின் ஆக்சிஜனை பாக்டீரியா கூட்டம் சீக்கிரமே தீர்த்துவிடும். நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாக்கள் உடனே சாவதில்லை. ஈரம் இருந்தால் வேலையை நிறுத்திவிட்டுத் தாக்குப்பிடிக்கும். சிக்கல், ஆக்சிஜன் இல்லாமலே வாழும் வேறு பாக்டீரியாக்கள் அங்கே தேங்கிய கழிவை அழுக வைப்பதுதான். பஞ்சை முகர்ந்து பாருங்கள். நன்றாக இருக்கும் பஞ்சில் மழை நனைத்த மண் வாசனை வரும். கெட்டதில் அழுகிய முட்டை நாற்றம். அது ஹைட்ரஜன் சல்பைடு, மீனுக்கு விஷம்.

நீண்ட நேரம் கரண்ட் வராது என்று தெரிந்தால் முதலில் தீனியை நிறுத்துங்கள். பட்டினியால் மீன் இரண்டு நாளில் சாகாது. கேனிஸ்டரைத் திறந்து பஞ்சையும் வளையங்களையும் தொட்டித் தண்ணீரிலேயே போட்டு வையுங்கள். ஒரு மக்கில் தண்ணீரை மொண்டு அரை அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுவது எளிய ஏரேட்டர். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் சின்ன ஏர் பம்ப் 5 வாட்டுக்குள் முடிந்துவிடும். மின்விசிறி அதைப்போல் பத்துப் பதினைந்து மடங்கு இழுக்கும். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். இல்லாவிட்டால் பம்ப் நின்றதும் குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி இறங்கி அதைக் கெடுத்துவிடும், தரையும் நனையும்.

ஃபைட்டர் மீன் வைத்திருப்பவர்கள் அதிகம் பதற வேண்டாம். நாஞ்சில் நாட்டு வயல்களிலும் குளங்களிலும் வாழும் பனையேறிக் கெண்டையைப்போல அதுவும் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும் உறுப்பு உடையது. முதலில் தவிப்பது கோல்டு ஃபிஷ் போன்ற பெரிய, தீனிக்கார மீன்கள்.

கரண்ட் வந்த மகிழ்ச்சியில் உடனே சுவிட்சைத் தட்டிவிடாதீர்கள். கேனிஸ்டரைத் திறக்காமல் விட்டிருந்தால், உள்ளே தேங்கிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுப் பிறகு ஓடவிடுங்கள். அடுத்த மூன்று நான்கு நாள்களுக்குத் தீனியைப் பாதியாகக் குறைத்து, அம்மோனியா அளவு பார்க்கும் கிட் இருந்தால் தினமும் ஒரு முறை பாருங்கள். அளவு சுழிக்கு வந்த பிறகு வழக்கமான தீனியைப் போடலாம்.