ஸ்னேர் டிரம்: கண்ணியா, நரம்பா?

மதுரையில் பேண்டு செட்டுக்காரர்கள் ஸ்னேர் டிரம்மை ‘சைடு டிரம்’ என்பார்கள். தோளில் வார் மாட்டி, இடுப்புக்குப் பக்கவாட்டில் தொங்கவிட்டு வாசிப்பதால் வந்த பெயர். மெல்லிசைக் குழுக்களிலோ ‘ஸ்னேர்’தான். இதைத் தமிழாக்க ஆங்கில அகராதியைப் புரட்டினால் முதலில் அகப்படும் பொருள் கண்ணி, சுருக்கு. முயலுக்கு வைக்கிறோமே, அதே கண்ணி. உடனே ‘கண்ணிப் பறை’ என்று எழுதத் தோன்றும். எழுதிவிடாதீர்கள்.

டிரம்மின் பெயரில் இருக்கும் ஸ்னேர், டச்சு மொழிப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். டச்சுக்காரர்களுக்கு இன்றும் ‘ஸ்னார்’ என்றால் இசைக்கருவியின் தந்தி. டிரம்மின் அடிப்பக்கத் தோலான அடித்தோலின் குறுக்கே இழுத்துக் கட்டிய இழைகளுக்குத்தான் ஸ்னேர் என்று பெயர். முன்பு விலங்குக் குடலை முறுக்கிச் செய்தார்கள். இன்று சுருள் எஃகுக் கம்பி, பெரும்பாலும் 20 இழை.

மேல்தோலில் குச்சி விழுந்ததும் உள்ளிருக்கும் காற்று அடித்தோலை உதறுகிறது. தோல் கம்பிகளை எற்ற, அவை திரும்பத் தோலில் விழ, அந்தச் ‘சர்ர்’ பிறக்கிறது. பக்கத்திலுள்ள விசையைத் தட்டிக் கம்பியை விலக்கினால் அதே டிரம் வெறும் ‘தொம்’.

வாசிப்பவர்களிடம் பிடித்த ஸ்னேர் எது என்று பேச்செடுத்தால் லுட்விக் நிறுவனத்தின் இரண்டு பெயர்கள் அடிக்கடி வரும்: குரோம் பூசிய அலுமினிய உடலுள்ள சூப்ராஃபோனிக், பித்தளை உடலுள்ள பிளாக் பியூட்டி. 14 அங்குல வாய், 5 அல்லது 6.5 அங்குல ஆழம். மேப்பிள் மரத்தின் இதமான ஒலிக்கும் ஆள் உண்டு. மாசி வீதி இரைச்சலுக்கு உலோகம்தான் ஈடுகொடுக்கும் என்பேன். ஆனால் எந்த உடலாக இருந்தாலும் அடித்தோல் மேல்தோலைவிட நன்றாக மெலிந்திருக்க வேண்டும். கம்பியை அளவோடு முறுக்க வேண்டும். கூடினால் ஒலி நெரிபடும். குறைந்தால், பக்கத்தில் பேஸ் கிட்டார் மீட்டினாலே தானாகச் சலசலக்கும். விலை கொடுத்து வாங்கிவிட்டு இதைக் கவனிக்காதவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

இந்த உத்தி நமக்கும் தெரிந்ததுதான். உசிலம்பட்டிப் பக்கம் குறி சொல்லும் கோடாங்கியின் உடுக்கையைத் திருப்பிப் பாருங்கள். அடிக்காத முகத்தின் குறுக்கே மெல்லிய வார் அல்லது கம்பி ஓடும். உடுக்கைச் சத்தத்தில் கேட்கும் அந்த அதிர்வு அதனால் வருவது. ஆங்கிலேயர் ஸ்னேர் என்று பெயர் வைத்த வேலையை அங்கே அந்த ஒற்றை வார் செய்கிறது.

எனவே தமிழில் நரம்புப் பறை என்பதே பொருந்தும். யாழின் தந்தியை நரம்பு என்றே முன்னோர் சொன்னார்கள். தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி என்று பிரித்தார்கள். குடலிழைக்கும் எஃகிழைக்கும் அந்தச் சொல் ஒருசேரப் பொருந்தும். ‘தந்தி’ என்றால் தபால் நிலையம் நினைவுக்கு வருகிறது. ‘முரசு’ இந்தச் சிறிய கருவிக்கு மிகப் பெரிது. அது அரசர் வாசலில் முழங்கியது. பழந்தமிழில் பறை என்பது தோற்கருவிகளுக்கே பொதுப்பெயர்.

போன வாரம் எங்கள் கோயில் பாடகர் குழு ஒத்திகையில் மெதுவான பாட்டு வந்ததும், டிரம்ஸ் வாசிக்கிற பையனிடம், “தம்பி, நரம்பை இறக்கிக்கப்பா” என்றேன். என்ன என்று கேட்காமல் விசையைத் தட்டினான்.