இதயத்தில் பம்பு, குடலில் ரத்தக்கசிவு

"இதயத்தில் பம்பு வைத்தவருக்கு நாடியே இருக்காதாமே, நிஜமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பெரும்பாலும் நிஜம்தான். இதயத்தின் இடது கீழறையின் முனையில் துளையிட்டுப் பொருத்தும் எல்வேட் (LVAD) என்ற இந்தப் பம்புக் கருவி, ரத்தத்தை உறிஞ்சி மகாதமனிக்குள் இடைவிடாமல் தள்ளுகிறது. மணிக்கட்டில் விரல் வைத்தால் பல நேரம் ஒன்றும் தட்டுப்படாது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும். அமெரிக்க முன்னாள் துணை அதிபர் டிக் சேனி 2010இல் இக்கருவியைப் பொருத்திக்கொண்டு, 2012இல் மாற்று இதயம் கிடைக்கும்வரை அதன் துணையில் வாழ்ந்தார்.

சிக்கல்களும் உண்டு. வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வரும் மின்கம்பி வழியே கிருமி புகும். பம்புக்குள் ரத்தம் உறையும். பம்பின் உறிஞ்சுகுழாய், இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வை நோக்கியே இருக்க வேண்டும். திரும்பிவிட்டால் இதயச் சுவரே வந்து அதன் வாயை அடைக்கும். இவையெல்லாம் நாமே ஊகிக்கக்கூடியவை. ஆனால், பம்பு வைத்த சிலருக்குக் குடலில் ஏன் ரத்தம் கசிகிறது?

உறைவைத் தடுக்கக் கொடுக்கும் மருந்து ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காதது. நம் ரத்தத்தில் வான் வில்லிபிராண்ட் காரணி என்றொரு நீளமான புரதம், நூல்கண்டுபோல் சுருண்டு மிதக்கிறது. சுருண்டிருக்கும்வரை சாது. ரத்தக்குழாய் கிழிந்தால் ஒரு முனை காயத்தில் ஒட்டிக்கொள்ளும். ஓடும் ரத்தம் மறுமுனையை இழுக்க, கண்டு பிரிந்து நூலாக நீளும். தட்டணுக்கள் அதில் வந்து சிக்கி ஓட்டையை அடைக்கும். நூல் அளவுக்கு மீறி நீண்டால் ஆபத்து என்பதால், அதை நறுக்க ஒரு நொதியும் கூடவே சுற்றுகிறது. அது வெட்ட வேண்டிய இடமோ மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. நூலை இழுத்துப் பிரித்தால்தான் அந்த இடம் வெளியே தெரியும்!

பழைய ஹார்ட்மேட் 2 பம்பின் சுழலி நிமிடத்துக்குச் சுமார் 9,000 முறை சுற்றும். அதன் குறுகிய இடுக்கில் ரத்தம் இழுபடும்போது, காயமே இல்லாமல் கண்டுகள் பிரிகின்றன. நொதி தன் வேலையைச் சரியாகச் செய்து நறுக்கித் தள்ளுகிறது. மிஞ்சும் துண்டுகளுக்குக் கசிவை அடைக்கும் வலு போதாது. போதாக்குறைக்கு, புதுக் குழாய்கள் கண்டபடி கிளைக்காமல் அடக்கிவைப்பதும் இதே புரதம்தான். அது குறைந்தால் குடல் சுவரில் மெல்லிய, எளிதில் உடையும் குழாய்கள் முளைக்கின்றன.

இதன் முதல் தடயம் பம்பே இல்லாத நோயாளிகளிடம் கிடைத்தது. மகாதமனி வால்வு சுருங்கியவர்கள் சிலருக்குக் காரணம் தெரியாமல் குடலில் ரத்தம் போவதை எட்வர்ட் ஹைட் என்ற மருத்துவர் 1958இல் ஒரு சிறு கடிதமாக எழுதினார். அங்கும் குறுகிய இடுக்கு, அதே இழுப்பு. காரணம் விளங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. "இதனால் என்ன பயன்?" என்று கேட்டே ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் வழக்கம் எனக்கு ஒப்பவில்லை. ஒரு புரதம் ஓட்டத்தில் எப்படிப் பிரிகிறது என்ற கேள்விக்கு அப்படி யார் பணம் தருவார்கள்?

2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹார்ட்மேட் 3இல் சுழலி எதையும் தொடாமல் காந்தப்புலத்தில் மிதக்கிறது. இடுக்குகள் அகலம், வேகமும் குறைவு. நூல் வெட்டுப்படுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. பம்புக்குள் உறைவது மிக அரிதாகிவிட்டதால், வழக்கமாகக் கொடுத்துவந்த ஆஸ்பிரினை நிறுத்திப் பார்த்தார்கள். 2023இல் முடிவு வந்தது: உறைவு கூடவில்லை, ரத்தக்கசிவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.