ஊரடங்குச் சலிப்பு: எது தளர்கிறது, எது தளர்வதில்லை

2020 மார்ச் தொடக்கத்தில் லண்டனில் ஒரு வாதம் அடிபட்டது. கட்டுப்பாடுகளைச் சீக்கிரமே கொண்டுவந்தால் மக்கள் சலித்துப்போவார்கள், கொரோனா தொற்று உச்சத்துக்கு வரும்போது யாரும் சொன்னபடி கேட்கமாட்டார்கள் என்பது அதன் சாரம். இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி பத்திரிகையாளர் சந்திப்பிலேயே இந்த அச்சத்தைச் சொன்னார். மார்ச் 16 அன்று 600-க்கும் மேற்பட்ட நடத்தை அறிவியல் ஆய்வாளர்கள் ஒரு திறந்த மடல் எழுதி, இதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். ஊரடங்கு மார்ச் 23-ல் வந்தது. அந்தத் தாமதம் பெரும் பிழை என்று 2021 அக்டோபரில் நாடாளுமன்றக் குழுக்களின் அறிக்கை எழுதியது.

அச்சம் முழுக்கக் கற்பனை என்று சொல்லிவிடவும் முடியாது. அதே 2020-ன் இலையுதிர் காலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 'பெருந்தொற்றுச் சலிப்பு' பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. மாதக்கணக்கில் நீளும் நெருக்கடியில், பாதுகாப்பு நடைமுறைகளைப் பின்பற்றும் ஊக்கம் மெல்ல மெல்லக் குறைவதை அது விவரித்தது. ஆக, சலிப்பு உண்டு. மன உறுதியைக் குடத்துத் தண்ணீர்போல நினைத்ததுதான் தவறு: மொள்ள மொள்ளக் குறையும், ஒருநாள் காலியாகும் என்று. உண்மையில் மக்கள் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் கைவிடுவதில்லை.

2020 மார்ச் முதல் டிசம்பர் வரை 14 நாடுகளில் எடுத்த கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2021-ல் வெளிவந்தது. அதில் இரண்டு கோடுகள் எதிரெதிராகப் போகின்றன. பிறரிடமிருந்து விலகி இருப்பது மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது, ஆண்டு இறுதியில் சற்றே மீள்கிறது. முகக்கவசம் அணிவதோ கூடிக்கொண்டே போகிறது. அதே மக்கள், அதே கிருமி, அதே காலம்.

காரணம் செலவு. முகக்கவசத்தின் செலவு முதல் வாரத்தில்தான் அதிகம்: மூச்சு முட்டும், கண்ணாடியில் ஆவி படியும், வாசல்வரை போய் மறந்து திரும்ப வேண்டியிருக்கும். பிறகு கதவருகே ஒரு கொக்கியில் மாட்டிவைத்தால் செருப்பு போடுவதோடு அதுவும் பழகிவிடுகிறது. விலகி இருப்பதன் செலவு நேர்மாறானது. அம்மாவைப் பார்க்காத முதல் மாதத்தைவிட ஆறாவது மாதம் கடினம். தள்ளிவைத்த திருமணத்தை இரண்டாவது முறையும் தள்ளிவைப்பது இன்னும் கடினம். முந்தையது பழக்கமாகிறது, பிந்தையது வட்டிபோட்டு வளரும் கடனாகிறது. இரண்டையும் சேர்த்து 'மக்கள் களைத்துவிட்டார்கள்' என்று ஒரே சொல்லில் அடக்கினால் எந்த விதியை மாற்றலாம் என்பதே தெரியாமல் போகும்.

அடுத்தது பயம் மங்கும் விதம். ஒரு கணக்குக்காக, ஒருமுறை நண்பர் வீட்டுக்குப் போய்வந்தால் தொற்று வர 500-ல் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இருபது முறை போய்வந்த நூறு பேரில் ஏறத்தாழ 96 பேருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த 96 பேரும் சொந்த அனுபவத்தில் கற்ற பாடம், 'போனால் ஒன்றும் ஆவதில்லை.' அவர்களைப் பொறுத்தவரை அது பொய்யும் அல்ல. ஆனால் பத்து லட்சம் பேர் ஆளுக்கு ஒருமுறை போய்வந்தால் 2,000 பேருக்குத் தொற்று. ஊருக்குப் பெரியதாக இருக்கும் ஆபத்து ஆளுக்குச் சிறியதாகவே தெரிகிறது.

போதாக்குறைக்குக் காலதாமதம் வேறு. தொற்றிய நாளிலிருந்து அறிகுறி தெரிய சுமார் ஐந்து நாள், மருத்துவமனை போகும் நிலை வர மேலும் ஒரு வாரம், இறப்புக் கணக்கில் தெரிய மூன்று, நான்கு வாரங்கள். இன்று தளர்ந்தால் இன்றைக்கு எண் ஏறாது. நேற்றைய கட்டுப்பாட்டின் பலனாக அது இறங்கிக்கொண்டேகூட இருக்கும்.

சிறு தளர்வு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதற்குப் பெருக்கல் தெரிந்தால் போதும். ஒரு நோயாளி மூன்று பேருக்குத் தொற்றைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மக்களின் நெருங்கிய சந்திப்புகளில் 70 விழுக்காடு குறைந்தால் அந்த மூன்று 0.9 ஆகும். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றும் ஒரு சுற்றுக்கு ஐந்து நாள், மாதத்துக்கு ஆறு சுற்று. 0.9-ஐ ஆறு முறை பெருக்கினால் 0.53, நாளொன்றுக்கு 1,000 தொற்று இருந்த இடத்தில் மாத முடிவில் 530. இனி குறைப்பு 70-க்குப் பதில் 60 விழுக்காடு. மூன்று 1.2 ஆகிறது, ஆறு சுற்றில் 1,000 ஏறத்தாழ 3,000 ஆகிறது. பெரும்பாலோர் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்துக்கொண்டிருக்கும்போதே, பத்துப் புள்ளி நழுவியதால் பாதியாக வேண்டியது மூன்று மடங்காகிவிட்டது. தடுப்பூசி இல்லாத ஊரில் ஒருவர் ஐந்து பேருக்குப் பரப்பும் கிருமி வகை வந்தால், எண்ணிக்கை ஏறாமல் நிறுத்தவே 80 விழுக்காடு குறைப்பு வேண்டும்.

எண் ஏறியதும் பயம் திரும்புகிறது, மக்கள் தாமாகவே ஒதுங்குகிறார்கள், எண் இறங்குகிறது, பயம் போகிறது. இந்தப் பின்னூட்டத்தைத் தொற்றுப் பரவலின் சமன்பாட்டில் சேர்த்தால் பாடநூல் வரையும் ஒற்றைக் கூர்முகடு மறைந்து, நீண்ட மேடும் மீண்டும் மீண்டும் வரும் அலைகளும் தோன்றும் என்று 2020-லேயே ஆய்வாளர்கள் கணித்துக் காட்டினார்கள். அரசு ஓர் ஆணையும் பிறப்பிக்காவிட்டாலும் ஓரளவு இது நடக்கும்.

சலிப்பு என்ற பெயரில் ஒளிந்துகொள்ளும் வேறு விஷயங்களும் உண்டு. முதலாவது பணம். அறிகுறி வந்தும் வீட்டில் முழுமையாகத் தனித்திருந்தவர்கள் பிரிட்டனில் பாதிக்கும் குறைவு என்று பெரிய கணக்கெடுப்பு ஒன்று காட்டியது. கைக்குழந்தையோ பள்ளிப் பிள்ளையோ வீட்டில் இருப்பவர்கள், பண நெருக்கடியில் இருப்பவர்கள், கட்டாயம் வேலைக்குப் போக வேண்டியவர்கள் இவர்களே அதிகம் வெளியே போனார்கள். சட்டப்படியான நோய்க்கால ஊதியம் அப்போது வாரத்துக்கு 95.85 பவுண்டு. அந்தத் தொகையில் வீட்டு வாடகைகூட நிற்காது. குறைந்த வருமானக்காரர்களுக்கு 500 பவுண்டு உதவித்தொகை 2020 செப்டம்பர் 28-ல்தான் வந்தது. இதைச் சலிப்பு என்று அழைப்பது அநியாயம்.

இரண்டாவது நம்பிக்கை. பிரதமரின் ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் ஊரடங்கின்போது லண்டனிலிருந்து டர்ஹமுக்குக் கார் ஓட்டிப் போன செய்தி 2020 மே 22-ல் வெடித்தது. அதன்பின் சில நாள்களிலேயே இங்கிலாந்தில் அரசின் மீதான நம்பிக்கை சரிந்தது. தனி அரசுகள் உள்ள ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அப்படியொரு சரிவு இல்லை.

மூன்றாவது, திருப்பிக் கொடுத்ததை மறுபடி பறிப்பது. 1918 இன்ஃபுளுயன்சாவின்போது சான் பிரான்சிஸ்கோவில் அக்டோபரில் முகக்கவச ஆணை வந்தது, பெரும்பாலோர் அணிந்தார்கள். நவம்பர் 21 நண்பகலில் ஆணை முடிந்ததென்று சங்கு ஊதியதும் தெருவிலேயே கழற்றி வீசினார்கள். டிசம்பரில் தொற்று திரும்ப, 1919 ஜனவரி 17 முதல் மீண்டும் ஆணை. இம்முறை முகக்கவச எதிர்ப்புச் சங்கமே உருவானது. பிப்ரவரி 1-ல் ஆணை போனது. துணி மாறவில்லை, விதியும் மாறவில்லை. கையில் கிடைத்த இயல்பு வாழ்வை இழப்பதுதான் புதிது. இழப்பு எப்போதும் பெறுவதைவிடக் கனமாகவே உறைக்கிறது.

அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே விடும் அவகாசமும் கவனிக்க வேண்டியது. சென்னை, கோவை, மதுரையில் 2020 ஏப்ரல் 26 முதல் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும் 25-ஆம் தேதி கடைகளிலும் சந்தைகளிலும் கூட்டம் முட்டியது. நான்கு நாள் சந்திப்பைத் தவிர்க்கப் போட்ட ஆணை, அந்தச் சந்திப்புகளில் ஒரு பகுதியை ஒரே காலைக்குள் திணித்தது. இதில் மக்கள் மேல் பழி போட ஒன்றுமில்லை. நாளை கடை இல்லையென்றால் இன்று வாங்கத்தான் வேண்டும்.

எனவே நீண்ட கட்டுப்பாட்டை வடிவமைப்பவர்கள் செலவு குறைந்ததை இறுக்கமாகவும், செலவு மிகுந்ததை மாற்றுவழியோடும் வைக்க வேண்டும். 'யாரையும் பார்க்காதே' என்பதற்குப் பதில் 'மொட்டை மாடியில், திறந்த வெளியில் பார்' என்பது ஆபத்தைப் பெருமளவு குறைத்து, ஏக்கத்துக்கும் வழிவிடுகிறது. தனியாக வசிப்பவர் வேறு ஒரு குடும்பத்தோடு மட்டும் சேர்ந்துகொள்ளலாம் என்று இங்கிலாந்து 2020 ஜூன் 13 முதல் அனுமதித்தது இந்த வகை. ஒரு வீட்டுக்கு ஒரு வீடு என்பதால் தொற்றுச் சங்கிலி நீள இடமில்லை, தனிமையின் சுமையும் இறங்கும்.

முடிவு எப்போது என்பது தெரிவதும் உதவும், ஆனால் பொய்க்கும் தேதி நம்பிக்கையைத் தின்றுவிடும். 2021 பிப்ரவரி 22-ல் இங்கிலாந்து வெளியிட்ட நான்கு படித் திட்டத்தில் ஒவ்வொரு படிக்கும் இடையே குறைந்தது ஐந்து வாரம் வைத்தார்கள்: தளர்வின் விளைவு புள்ளிவிவரத்தில் தெரிய நான்கு வாரம், மக்களுக்கும் கடைக்காரர்களுக்கும் முன்னறிவிப்பு கொடுக்க ஒரு வாரம். தேதிகளுக்கு முன்னால் 'இதற்கு முன் இல்லை' என்ற நிபந்தனையையும் சேர்த்தார்கள். மே 17 வரையான படிகள் சொன்ன நாளில் நடந்தன. ஜூன் 21-க்கு வைத்திருந்த கடைசிப் படியை மட்டும், டெல்டா என்ற புதிய கிருமி வகை பரவியதால், ஜூலை 19-க்குத் தள்ள வேண்டியிருந்தது.